சம்பந்தி போட்ட விளக்கு

என் அக்காள் புருஷன் எசென்குலுக்கு ‘மாட்டேன்’ என்ற சொல் வாயில் வராது. அந்த ஒரு சொல்லை மட்டும் பிடுங்கி வைத்துக்கொண்டுதான் ஆண்டவன் இவரை அனுப்பியிருக்கிறான் என்று நான் அவர் முகத்துக்கு நேராகவே சொல்வேன். கொழுந்தியாள் என்ன கேலி செய்தாலும் அத்தான்காரன் கோபிக்கக் கூடாது என்பது எங்கள் கிர்கிஸ் வழக்கம். அந்த உரிமையை நான் ஒருநாளும் வீணாக்கியதில்லை. அவர் சிரித்துவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வண்டியைப் பார்க்கப் போய்விடுவார்.

நரினிலிருந்து அத்-பாஷிக்கு ஆள் ஏற்றிப் போகிற பிழைப்பு அவருக்கு. ஜப்பானில் யாரோ ஓட்டித் தேய்த்து, கப்பலேறி வந்த பழைய ஜீப். ஸ்டியரிங் வலது பக்கம். காலையில் கணவாயைத் தாண்டிப் போவார், பொழுது சாயும்போது திரும்புவார். சாலையில் குதிரை குறுக்கே நின்றால்கூட ஹாரன் அடிக்க மாட்டார். இறங்கிப் போய், கழுத்தைத் தட்டிக்கொடுத்து, ஓரமாக நகர்த்திவிட்டு வருவார். உள்ளே ஏழு பேர் குளிரில் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். “அண்ணே, அதுகிட்ட மன்னிப்புக் கேட்டாச்சா, போலாமா?” என்று யாராவது கேட்பார்கள்.

நான் சைரா. நரின் சந்தையில் இரும்புக் கன்டெய்னருக்குள் கடை: பல்பு, வைப்பர், பெல்ட், ஆன்டிஃப்ரீஸ். வண்டி விளக்கைப் பிரித்துச் சரிசெய்கிற வேலையும் கைவசம் உண்டு. புருஷன் ரஷ்யாவுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட பிறகு கற்றுக்கொண்டது.

அத்தானுக்கும் அக்காள் அனார்குலுக்கும் ஒரே மகள், புருல். போன இலையுதிர் காலத்தில் கல்யாணம் முடிந்து, கணவாய் அடிவாரத்தில் சாலையோரம் இருக்கிற வீட்டுக்குப் போனாள். சம்பந்தி பெயர் துர்சுனாலி. மந்தை மந்தையாகக் குதிரை வைத்திருப்பவர். கல்யாணமான பெண், மாமனார் வீட்டார் சீர் கட்டி முறையாக மறுவீடு அனுப்புகிறவரை அம்மா வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. பெற்றவர்களும் நினைத்தபோது போய் நிற்க முடியாது. சம்பந்தி வந்துவிட்டால் ஆடு வெட்டியாக வேண்டும், கறியை மரியாதைப்படி பங்கு வைத்தாக வேண்டும், வந்தவர் தோளில் கோட்டுப் போர்த்தியாக வேண்டும். தினமும் அந்த வழியே போகிற மனிதன் தினமும் ஒரு ஆட்டுக்குச் செலவு வைக்க முடியுமா?

அதனால் அத்தான் ஒரு வழி வைத்திருந்தார். சாயங்காலம் திரும்பும்போது அந்த வாசலருகே வேகத்தைக் குறைப்பார். அது கன்றுகளை உள்ளே ஓட்டுகிற நேரம். புருல் வாசலில் நிற்பாள். வலது ஸ்டியரிங் ஆனதால் வாசல் பக்கமாகத்தான் அவர் உட்கார்ந்திருப்பார். பார்த்துக்கொண்டே கடந்து போவார். அவ்வளவுதான். அந்த நாலு மூச்சு நேரத்துக்காகத்தான் மனிதர் நாள் முழுவதும் வண்டி ஓட்டினார் என்று நினைக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் அக்காள் கேட்பாள், “நல்லா இருந்தாளா?” அவர் தலையாட்டுவார். அக்காள் டீ ஊற்றுவாள்.

குளிர்காலத் தொடக்கத்தில் சம்பந்தி வீட்டில் முறைப்படி விருந்து வைத்தார்கள். நானும் போனேன். கறி முடிந்தது, டீ முடிந்தது, வந்த உறவுகளுக்குக் கோட்டுப் போர்த்தும் நேரம் வந்தது. ஆளுக்கொரு கோட்டு, பெண்களுக்குச் சால்வை. அத்தான் முறை வந்ததும் துர்சுனாலி எழுந்து நின்று தொண்டையைக் கனைத்தார்.

“எல்லாரும் சம்பந்திக்குத்தான் கோட்டுப் போடுவாங்க. நான் சம்பந்தி வண்டிக்கே போடப்போறேன். போன வாரம் பாத்தேன். வண்டி வருதா, யாராவது சிகரெட் புடிச்சுட்டு நடந்து வர்றாங்களான்னு தெரியல!”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. தலைநகரிலிருந்து வரவழைத்த வெள்ளை விளக்கு, வாயு பல்பு, அதை எரிய வைக்கிற கைப்பிடியளவுப் பெட்டி எல்லாம் அட்டைக்குள் இருந்தன. சம்பந்தியின் இளைய மகன் முற்றத்திலேயே எங்கள் கண்முன் மாட்டினான். சுவிட்சைப் போட்டதும் எதிரே இருந்த கொட்டகைச் சுவர் வெளுத்துப் போனது. கோழிகள் விடிந்துவிட்டதென்று இறங்கி வந்தன. எல்லோரும் கைகளை முகத்தில் தடவி, அப்படியே ஆகட்டும் என்று “ஓமின்” சொன்னோம். போர்த்திய கோட்டை எங்கள் ஊரில் யாரும் கழற்றித் தர மாட்டார்கள். தந்தால் உறவு வேண்டாம் என்று அர்த்தம்.

நான் அத்தான் காதில் சொன்னேன். “இது ஆளைக் கொல்லும் அத்தான். எதிர்ல வர்றவன் பள்ளத்துல போயிடுவான்.”

“சும்மா இரு சைரா,” என்றார், உதடு அசையாமல். “புருல் டீ ஊத்திட்டிருக்கா பாரு.”

பார்த்தேன். தலைத்துணி புருவம் வரை இறங்கியிருக்க, கிண்ணம் கிண்ணமாக ஊற்றி, குனிந்து குனிந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் மூத்த மருமகள். அவளுடைய அப்பா, துர்சுனாலி கொடுத்த குதிரை நொண்டுகிறதென்று திருப்பி ஓட்டிவிட்டார். அன்றிலிருந்து அந்தப் பெண்ணுக்கு மறுவீடே இல்லை. அவள் பெற்ற பிள்ளை இப்போது ஓடுகிறது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

கொஞ்சம் விளக்குக் கதையும் கேளுங்கள், இல்லாவிட்டால் என் எரிச்சல் எதன் மேல் என்று புரியாது. பழைய விளக்கின் உள்ளே பளபளவென்று ஒரு கிண்ணம் இருக்கிறதே, அது கம்பி பல்புக்காக வளைத்தது. அதில் வாயு பல்பைச் செருகினால் வெளிச்சம் நாலு பக்கமும் தெறிக்கும். அதுவும் ஜப்பான் வண்டி. அங்கே இடது பக்கம் ஓட்டுகிறார்கள். ஓரத்தில் நடப்பவன் தெரியட்டும் என்று விளக்கின் இடப்பக்கத்தைத் தூக்கி வைத்திருப்பார்கள். நாம் ஓட்டுவது வலது பக்கம். தூக்கி வைத்த வெளிச்சம் நேராக எதிரே வருகிறவன் கண்ணில். மஞ்சள் பல்பு இருந்தவரை யாரும் கண்டுகொள்ளவில்லை, எங்கள் மாவட்டத்தில் பாதி வண்டி அப்படித்தான். அதே கிண்ணத்தில் இந்த வெள்ளைப் பிசாசை மாட்டினால் என்ன ஆகும்?

ஆனது. ஒரே வாரத்தில் அத்தானுக்கு ‘வெல்டர்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். எதிரே வருகிறவனெல்லாம் விளக்கை அணைத்து அணைத்துத் திட்டினான். போலீஸ்காரர் நிறுத்தி, “எசென்குல் அண்ணே, உங்க வண்டி வந்தா எனக்குச் செத்துப்போன எங்கப்பா தெரியறாரு. வா வான்னு கூப்பிடறாரு,” என்றார். அத்தான் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். விளக்கைக் கீழே திருகிப் பார்த்தார். முன் சக்கரத்துக்கு முன்னால் மட்டும் பகலாக இருந்தது, அதைத் தாண்டிக் குதிரை நின்றாலும் தெரியவில்லை. விளக்கின் கண்ணாடியில் சேறு பூசிப் பார்த்தார். வாசலில் நின்ற சம்பந்தி கையைக் காட்டி நிறுத்தி, தன் கையாலேயே துடைத்துவிட்டார். “என்ன சம்பந்தி, புதுக் கோட்டை அழுக்கா வெச்சிருக்கீங்க?”

ஆமாம், துர்சுனாலியும் இப்போது தினமும் வாசலில் நின்றார். கணவாய் வளைவில் வெளிச்சம் தெரிந்ததுமே பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிடுவார். “அதோ வருது பாருங்க, நான் போட்ட விளக்கு!”

பிறகு ஒருநாள் ரொட்டி வேன் ஒன்று கண் கூசிப்போய்ப் பனிக் குவியலுக்குள் சாய்ந்தது. யாருக்கும் அடியில்லை. ஓட்டி வந்த பையன் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, அத்தானைப் பெற்ற தாயிலிருந்து ஆரம்பித்தான். அத்தான் பனியில் கிடந்த ரொட்டியையெல்லாம் பொறுக்கிக் கொடுத்துவிட்டு நேராக என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“சைரா, கழட்டாம சரி பண்ண முடியுமா?”

“கழட்டிட்டுப் பழசைப் போட்டா நிமிஷ வேலை அத்தான்.”

“புருல் வசந்தத்துல மறுவீடு வரணும்மா. உங்க அக்கா மெத்தை தைச்சு வெச்சிருக்கா.”

முடியும் என்றேன். சம்பந்தியின் பல்பும் பெட்டியும் அப்படியே இருக்கட்டும், கிண்ணத்தை மாற்றிவிடலாம். வலது பக்கம் ஓட்டுகிற தேசத்து வண்டியில், முன்னால் குமிழ்க்கண்ணாடியும் உள்ளே தகட்டுத் தடுப்பும் வைத்த கிண்ணம் வரும். வெளிச்சம் எதிரிலிருப்பவன் இடுப்புக்கு மேலே ஏறாதபடி அந்தத் தகடு வெட்டிவிடும். அடிபட்ட ஜெர்மன் வண்டி ஒன்றிலிருந்து தலைநகரத்துக் கூட்டாளி ஒருத்தி எனக்கு ஒரு ஜோடி அனுப்பி வைத்தாள்.

ஜப்பான் விளக்கின் கண்ணாடியை உடைக்காமல் பிரிக்க வேண்டுமானால் சூடு காட்ட வேண்டும், அப்போதுதான் ஒட்டியிருக்கிற பசை இளகும். அக்காள் ரொட்டி எடுத்துமுடித்த அடுப்பில் இரண்டு விளக்கையும் தட்டில் வைத்து உள்ளே தள்ளினேன். அக்காள் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“இவரு சம்பந்திக்குப் பயந்தா என் அடுப்பு ஏண்டி நாறணும்?”

“வெந்துச்சான்னு குத்திப் பாரு அனார்குல்,” என்றார் அத்தான். மாதக்கணக்கில் அவர் சொன்ன ஒரே வேடிக்கைப் பேச்சு அதுதான்.

புதுக் கிண்ணத்தைப் பொருத்தி, பல்பின் அடியை மட்டும் மாற்றி அதில் உட்கார வைத்தேன். அது கிட்டத்து வெளிச்சம் மட்டும் தருகிற கிண்ணம் என்பதால், தூர வெளிச்சத்துக்கு பம்பரில் தனியாகப் பழைய மஞ்சள் விளக்கு இரண்டு. பிறகு பள்ளிக்கூடச் சுவருக்கு எதிரே நிறுத்தி அளவு பார்த்தோம். காலி வண்டியில் பார்த்தால் தப்பாகிவிடும். ஆள் ஏறினால் பின்பக்கம் அமுங்கி மூக்குத் தூக்கும். மாவு மூட்டைகளை ஏற்றினோம், அக்காளையும் அவளைவிடக் கனமான பக்கத்து வீட்டு அக்காளையும் பின்னால் உட்கார வைத்தோம். சுவரில் கோடு விழுந்தது: இடது பாதி நேர்க்கோடு, வலது பக்கம் மட்டும் ஓரத்தைப் பார்த்துக் கொஞ்சம் மேலேறியது. கோட்டுக்குக் கீழே பகல், மேலே இருட்டு. என் வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமாக ஒரு வேலை செய்ததில்லை. சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமும் இல்லை.

மறுநாள் போய்வந்த அத்தான் முகம் மலர்ந்திருந்தது. “ஒருத்தனும் திட்டல சைரா. தூரத்துல நின்ன குதிரையோட காதுகூடத் தெரிஞ்சுது.”

அவர் டீக் கிண்ணத்தைக் கையில் எடுப்பதற்குள் போன் அடித்தது. சம்பந்தி. குரல் எனக்கே கேட்டது.

“என்ன சம்பந்தி, கோட்டைக் கழட்டிட்டீங்க போலிருக்கு?”

“ஐயோ, இல்ல சம்பந்தி, அதே விளக்குதான்...”

“நான் வாசல்லதான் நின்னேன். இன்னிக்கு ஒண்ணும் தெரியலையே. ஊரே பாத்துச்சு. பரவாயில்ல. சம்பந்திக்கு நம்ம பொருள் புடிக்கல. அப்புறம், வசந்தத்துல ஆடு ஈனுற காலம் பாருங்க, வீட்ல ஆள் வேணும். பொண்ணு வர்றது கொஞ்சம் கஷ்டம்.”

பாருங்கள் கொடுமையை! எதிரே நிற்கிறவன் கண்ணைக் குத்தாத விளக்குதான் நல்ல விளக்கு. சம்பந்தியோ எதிரே நிற்கிறார். குத்தினால்தான் அவருக்கு அது விளக்கு. வண்டியில் ஏறி உட்கார்ந்து சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். அத்தான் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். “நான் போட்டதை நான் என் வாசல்ல நின்னுதான் பாப்பேன்” என்று பதில் வந்தது.

அன்று அத்தான் சாப்பிடவில்லை. பழைய கிண்ணத்தையே திரும்ப மாட்டு என்றார். மாட்டேன் என்றேன், எனக்கு அந்தச் சொல் நன்றாக வரும். “ரொட்டிப் பையனைப் பள்ளத்துல தள்ளிட்டுப் பொண்ணைக் கூட்டி வருவீங்களா?” என்று கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, “வேற என்னதாம்மா பண்ணட்டும்?” என்றார். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதன் இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு அப்படிக் கேட்டால் பார்க்கச் சகிக்காது.

அந்த ஜெர்மன் விளக்கோடு சின்ன மோட்டார் ஒன்றும் வந்திருந்தது. பாரம் ஏறினால் ஓட்டுபவன் உட்கார்ந்த இடத்திலிருந்தே விளக்கைத் தாழ்த்தலாம், உயர்த்தலாம். அதைப் பொருத்தி, ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு திருகு வைத்தேன்.

“சம்பந்தி வாசல் வரும்போது எதிர்ல வண்டி இல்லைன்னா மேல திருகுங்க. தாண்டினதும் இறக்கிடுங்க. ஊரை விட்டுடலாம், அவர் ஒருத்தர் கண்ணை மட்டும் கெடுக்கலாம். அதுதானே கேக்கறாரு, குடுத்துத் தொலைப்போம்.”

பலித்தது. திருகிய முதல் சாயங்காலமே சம்பந்தி கண்ணை இடுக்கிக்கொண்டு ஆனந்தமாகத் தலையாட்டினாராம். வசந்தத்தில் ஆடு ஈனுவதைப் பற்றிய பேச்சு நின்றது. இன்னொன்றும் நடந்தது. “புருல் இப்பல்லாம் கையைத் தூக்கிக் காட்டறா சைரா,” என்றார் அத்தான். “முன்னாடி மாமனார் பக்கத்துல கையே அசைக்க மாட்டா. இப்போ வண்டி கிட்ட வரும்போது இப்படித் தூக்கறா. நானும் தூக்கறேன்.” அக்காளிடம் தினமும் அதைச் செய்து காட்டுவார்.

பனி இளகத் தொடங்கியதும் சொன்னபடி மறுவீடு அனுப்பினார்கள். புருல் சீர் மூட்டைகளோடு வந்து இறங்கினாள். அக்காள் அவளைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் தெருவே எட்டிப்பார்த்தது. உள்ளே வந்து, தலைத்துணியைத் தளர்த்திவிட்டு அடுப்பருகே உட்கார்ந்தாள். நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அத்தான் எதிரே உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இளைச்சுட்டீங்கப்பா,” என்றாள். “இந்தக் குளிர் பூரா உங்களைப் பாக்கவே இல்ல.”

அத்தான் சிரித்தார். “என்னடி சொல்ற? தினமும் கையைத் தூக்கிக் காட்டினியே.”

“கண்ணு கூசிச்சுப்பா. மறைச்சுக்கிட்டேன்.”

அவளே தொடர்ந்தாள், குறையாகக்கூட இல்லை, சாதாரணமாக. “வெள்ளையா ஒண்ணு வரும். அப்புறம் சத்தம் மட்டும் போகும். எனக்குக் கண்ணு தெளியறதுக்குள்ள வண்டி திருப்பத்துக்குப் போயிடும். மாமா சொல்லித்தான் அது நீங்கன்னு தெரியும்.”

“நான் உன்னைப் பாத்தேம்மா,” என்றார் அத்தான். “நல்லாப் பாத்தேன். கை வெடிச்சிருந்ததுகூடத் தெரிஞ்சுது.” எழுந்து, வண்டிக்கு டீசல் போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வெளியே போனார். டீசல் காலையிலேயே நிரப்பியாயிற்று. அந்தத் திருகை உடைத்துப் போட்டுவிடலாமா என்று எனக்கு வந்தது.

கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் புருல் திரும்பிப் போனாள். மறுநாள் எனக்கு அத்-பாஷியில் சரக்கு எடுக்க வேண்டியிருந்தது. திரும்பும்போது அத்தானுக்குப் பக்கத்து இருக்கையில் நான். கணவாய் இறக்கத்தில் வாசல் தெரிந்தது. ரோமத் தொப்பியோடு துர்சுனாலி, பக்கத்தில் கன்றுக்குட்டியின் கயிற்றைப் பிடித்தபடி புருல்.

“திருகுங்க அத்தான்,” என்றேன்.

அவர் திருகைத் தொடவில்லை. வாசலுக்குக் கொஞ்சம் முன்னாலேயே வண்டியை நடைவேகத்துக்குக் கொண்டுவந்து, முன் விளக்கை அடியோடு அணைத்தார். கையை மேலே நீட்டி வண்டிக்குள் இருக்கிற கூரை விளக்கைப் போட்டார். தொப்பியை நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டுக்கொண்டு, கண்ணாடியை இறக்கி, முகத்தை வெளியே திருப்பினார். அந்தக் குளிரில் பின்னால் இருந்தவர்கள் முனகினார்கள்.

புருல் பார்த்தாள். கயிறு கையிலிருந்து நழுவிப் போனது, கன்று ஓடியது, அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

துர்சுனாலி சாலைக்கு இறங்கி வந்தார். “சம்பந்தி! விளக்கு என்னாச்சு?”

“நல்லா இருக்கு சம்பந்தி. நான்தான் அணைச்சேன்.”

“எதுக்கு?”

“என் பொண்ணு என்னைப் பாக்கட்டும்னு.”

“அப்ப நான் போட்டது?”

“கண்ணு கூசுது சம்பந்தி.”

இத்தனை வருஷத்தில் அவர் ஒருவரை எதிர்த்துச் சொன்ன முதல் பேச்சு அது. சொல்லும்போதும் மரியாதையாகத்தான் சொன்னார். துர்சுனாலி திரும்பி நடந்தார், புருலைக் கையால் உள்ளே போகச் சொன்னார், இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினார்.

அதற்குப் பிறகு அந்தக் கதவு சாயங்காலத்தில் திறந்து நான் பார்க்கவில்லை. கன்றுகளைப் பின்வாசல் வழியாக ஓட்டுகிறார்கள் போலிருக்கிறது. போன் செய்தால், பெண் வேலையாக இருக்கிறாள் என்று பதில் வருகிறது. அக்காள் மெத்தையைச் சுருட்டி மேலே போட்டுவிட்டு அத்தானோடு சரியாகப் பேசுவதில்லை. அத்தான் தினமும் போகிறார், வருகிறார். வாசலருகே முன் விளக்கை அணைத்து, உள் விளக்கைப் போட்டு, தொப்பியைத் தள்ளி, மெதுவாகக் கடக்கிறார்.

நேற்று எனக்குப் பொறுக்கவில்லை. “யாருக்கு அத்தான் இந்தக் கூத்து? கதவைப் பூட்டி எத்தனை நாளாச்சு! இரும்புக்கா மூஞ்சியைக் காட்டறீங்க?” என்று வண்டியிலேயே சத்தம் போட்டுவிட்டேன்.

அவர் முன் விளக்கைத் திரும்பப் போட்டார். சாலை தெளிவாகத் தெரிந்தது.

“கதவுல எங்கயாவது ஒரு இடுக்கு இருக்கும்ல, சைரா,” என்றார்.